கருகிய மஞ்சள் கவுன்

வயது முப்பத்து நான்கு. அரண்மனைச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாகத் துணி தேய்க்கிறேன். அதை ஒட்டிய அறையில் ஏழு வயது மகளோடு குடியிருந்தேன். பெயர் கேட்டீர்கள். இஸ்திரிக்காரி என்றால்தான் அங்கே ஆளுக்குத் தெரியும், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மன்னர் இறந்த பிறகு பட்டம் அவருடைய ஒரே மகளுக்கா, தம்பிக்கா என்று இழுபறி ஆனது. மன்னரின் காரோட்டியான என் கணவரைத் தம்பியின் ஆட்கள் பொய் வழக்கில் சிறையில் போட்டார்கள். அதன் பிறகு தம்பியின் ஒற்றர் ஒருவர் சோப்பு விற்பவராக வாரந்தோறும் வந்தார். அரண்மனைச் செய்தி சொன்னால் கணவரை விடுவிப்பதாகச் சொன்னார். நானும் சொன்னேன். யார் வந்தார், யார் போனார் என்பதோடு சரி.

செவ்வாய்க்கிழமை காலை அவர், "நாளைக்கு இளவரசி தோட்டத்துக்கு வரப்போ என்ன டிரஸ் போட்டிருக்கும்?" என்றார். மறுநாள் உடுப்பு முதல்நாளே என் மேசைக்கு வந்துவிடும். மஞ்சள் கவுன் என்றேன். "நாளைக்கு மத்தியானம் உன் வீட்டுக்காரர் வந்துடுவாரு" என்று சிரித்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான், உடுப்பை அடையாளம் வைத்து இளவரசியைத் தூக்கத்தான் கேட்டார் என்று உறைத்தது. இளவரசிக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, ஒரே உயரம்.

காவலரிடம் சொன்னால் கணவர் உயிரோடு திரும்பமாட்டார். எனவே இஸ்திரிப் பெட்டியைக் கவுனின் ஓரத்தில் அழுத்திக் கருக்கினேன். கருகிய துணியை அரச குடும்பத்தார் உடுத்துவதில்லை, தேய்த்தவளே எடுத்துக்கொள்ளலாம். மேற்பார்வை அம்மா, "கண்ணை எங்கடி வச்சிருந்தே?" என்று திட்டிவிட்டு வெள்ளைக் கவுனைக் கொடுத்தார். அந்தத் திட்டு எனக்கு இனித்தது. பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்போடு கருகியதை வீட்டுக் கூடையில் போட்டேன்.

புதன்கிழமை காலை நான் வேலையில் இருந்தபோது மகள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். தோட்டக்காரரிடம், "இளவரசிகிட்ட காட்டிட்டு ஓடி வந்துடுறேன் மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாளாம். கருகிய இடத்தைக் கையால் மூடிப் பிடித்திருந்தாளாம். அதன் பிறகு பின்வாசலில் நின்ற வேனில் இருவர் அவளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள்.

இளவரசியைத்தான் தூக்கிவிட்டார்கள் என்று நினைத்து அரண்மனைக் கதவுகளை எல்லாம் அடைத்தார்கள். வெள்ளைக் கவுனில் இளவரசியைப் பார்த்ததும் திறந்துவிட்டார்கள். காவல் அதிகாரி என்னிடம், "இளவரசி பத்திரமா இருக்காங்க, அப்புறம் என்ன?" என்றார்.

மத்தியானம் கணவர் வந்தார். அந்த ஒரு சொல்லை மட்டும் காப்பாற்றியிருக்கிறார்கள். வாசலிலேயே நின்று, "பாப்பா எங்க?" என்றார். நான் நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

படித்துக் காட்டினீர்கள், சொன்னது சொன்னபடி இருக்கிறது, எதையும் மறைக்கவில்லை. எனக்கு எந்தத் தண்டனையும் கொடுங்கள், முதலில் அவளைத் தேடுங்கள். அடையாளம்: மஞ்சள் கவுன், வலது ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் முனை அளவுக்குக் கருகல்.

(ஒப்பம்) இஸ்திரிக்காரி