ஐஸ் பெட்டியில் ஆறு பேட்டரி

ஆட்டம் நடந்த ஹாலுல எட்டுப் பேரு மாப்பிள்ளை. ஏழுன்னு உங்க அப்பா சொல்லியிருந்தா அது தப்பு. நீங்க அன்னைக்கு வெளியூர்ல இருந்தீங்க, அதனால வரிசையாச் சொல்லிடறேன். நான், உங்க அத்தை, உங்க அப்பா, உங்க அம்மா, எம் பொண்ணு, நம்ம பேத்தி வாலு, நடுவரா நின்ன பேட்மிண்டன் கோச்சு. ஏழாச்சா? எட்டாவது, சுவரோரமா பெஞ்சுல முகத்துல துண்டப் போட்டுத் தூங்கிட்டிருந்த ஒருத்தரு. அவரு யாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதுக்காக எண்ணாம விட முடியுமா? இருந்தாரு இல்ல?

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்க அப்பா அனுப்பித்தான் வந்திருக்கீங்க, தெரியுது. உங்க மாமா ஏமாத்திட்டாருன்னு சொன்னாரா? பரவால்ல, சும்மா சொல்லுங்க. தில்லுமுல்லுன்னா சொன்னாரு? சரி, அவரு வாயில அது கொஞ்சம் மரியாதையான வார்த்தைதான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட பேசினதே வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க, இந்த மூணுதான். எனக்குப் பேச்சு வராது. பஸ் டெப்போ ஸ்டோர்ல கம்பி வலைக்குப் பின்னாடி உக்காந்து நட்டு போல்ட்டு எண்ணிக் குடுத்தவன். கேட்டத எடுத்துக் குடுப்பேன், கேக்காதத எடுக்க மாட்டேன். இன்னைக்குக் கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

ஆரம்பிச்சு வெச்சது நீங்கதானே. ரெண்டு தாத்தாவுக்கும் ஆளுக்கொரு குட்டி ட்ரோன் வாங்கிட்டு வந்தீங்க. ஒரே கம்பெனி, ஒரே கலரு, கையில அடங்குற சைஸு. ஆளுக்கு ஆறு பேட்டரி. ஒருத்தருக்கு ஒண்ணு கூடினா இன்னொருத்தரு மூஞ்சியத் தூக்கிடுவாருன்னு உங்களுக்குத் தெரியும். பொழுது போகட்டும்னு குடுத்தீங்க. பொழுதா போச்சு? தூக்கம்தான் போச்சு.

அப்புறம் வாலுக்கு லீவு விட்டாங்க. ஒரு மாசம். எங்க வீட்டுக்குத்தான்னு நான் மனசுல நெனச்சேன். எங்க வீட்டுக்குத்தான்னு உங்க அப்பா வாய்விட்டே சொல்லிட்டாரு. பாதி அங்க பாதி இங்கன்னு உங்க அத்தை சொல்லிப் பாத்தா. எம் பொண்ணுக்குக் கோவம் வந்துருச்சு. குழந்தை என்ன பார்சலா, பாதி வழியில கை மாத்த? ஒரே வீடுதான், எந்த வீடுன்னு அந்த எழவெடுத்த ட்ரோனையே பறக்கவிட்டு முடிவு பண்ணிக்குங்கன்னுட்டா. அவ எரிச்சல்ல சொன்னது. நாங்க ரெண்டு பேரும் அத கோர்ட்டு உத்தரவா எடுத்துக்கிட்டோம்.

விதி என்னன்னா, மூணு ஆட்டம். பேட்மிண்டன் ஹாலுல ரெண்டு கம்பத்தையும் சுத்தி சுத்தி வரணும். யாரோடது ரொம்ப நேரம் காத்துல நிக்குதோ அவரு ஜெயிச்சாரு. ட்ரோன்ல கைவைக்கக் கூடாது. பேட்டரிய என்ன வேணா பண்ணிக்கலாம். பேட்டரிய என்ன பண்ணிட முடியும்னு உங்க அப்பாதான் அந்தக் கடைசி வரியச் சேத்தாரு. சிரிச்சுக்கிட்டே சேத்தாரு.

இல்ல மாப்பிள்ளை, பண்ணலாம். அந்தப் பேட்டரிய நீங்க உத்துப் பாத்திருக்கீங்களா? நல்ல பேட்டரிதான், அதுல இருந்து வர்ற கம்பிதான் நூலு மாதிரி. ஒரு பஸ்ஸு ஜனம் மொத்தமும் ஒரே கதவுல எறங்கினா எப்படி? கரண்டு உள்ள இருக்கும், வெளிய வர வழி இருக்காது. அந்தக் கம்பிய வெட்டிட்டு, கொஞ்சம் தடிச்ச கம்பியா, நீளத்துல பாதியா வெச்சு, ஈயம் உருக்கிப் பத்த வெச்சேன். ரெண்டு கம்பியையும் ஒண்ணா வெட்டக் கூடாது, தெரியுமில்ல? கத்திரி ரெண்டையும் தொட்டுச்சுன்னா பொறி பறந்துடும். ஒண்ண வெட்டி, ஈயம் வெச்சு, டேப்பு சுத்தி மூடிட்டு, அப்புறம்தான் அடுத்தது. உங்க அத்தை ஒரு வாளி மணலோட பக்கத்துலயே நின்னா. எதுக்குடீன்னு கேட்டேன். பேட்டரி எரிஞ்சாலும் நீங்க எரிஞ்சாலும் ஒரே வாளி போதும்னா.

பிளக்கையும் நல்லதா மாத்தியிருந்தா இன்னும் ஓடியிருக்கும். ஆனா அத மாத்தினா ட்ரோன் பக்கமும் மாத்தணும். ட்ரோனத் தொடக் கூடாதுன்னு விதி. தொடல. அப்புறம் மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கரு, சும்மா பாரம்தானேன்னு உரிச்சேன். தோலு கீறாம, நகத்தாலயே. அவ்வளவு பண்ணியும் பதினஞ்சு செகண்டுதான் கூடுச்சு.

பதினஞ்சு போதாது மாப்பிள்ளை. உங்க அப்பா என்னைவிட நல்லா ஓட்டுவாரு, அத எங்க வேணா சொல்லுவேன். எனக்குக் கை உதறும்.

அப்பத்தான் உங்க அத்தை ஒரு வேலை பண்ணினா. வீடு பெருக்கறப்போ பேட்டரி டப்பாவ மருந்து டப்பான்னு நெனச்சு ஃப்ரிட்ஜுல வெச்சுட்டா. காலைல எடுத்து மாட்டினேன். போச்சு. ரெண்டு நிமிஷம் அம்பது செகண்டுல பொத்துன்னு விழுந்துச்சு. அதே பேட்டரிய மறுபடி சார்ஜ் பண்ணி, சட்டைப் பையில கொஞ்ச நேரம் வெச்சிருந்து மாட்டினா, ஒரு நிமிஷம் கூடவே பறக்குது. திருப்பித் திருப்பிப் பண்ணிப் பாத்தேன். வெதுவெதுப்பா இருந்தா உழைக்குது, குளிர்ந்தா சோம்புது. அப்படியே உங்க மாதிரின்னா உங்க அத்தை.

அப்புறம் எதுக்கு ஐஸ் பெட்டியில கொண்டு போனீங்கன்னு கேக்குறீங்க. அதத்தான் உங்க அப்பாவும் கேட்டாரு!

நான் ஒரு பொய்கூடச் சொல்லல, கேட்டுக்குங்க. பெட்டியத் திறந்தேன், ஒரு தடவை எண்ணினேன், மூடினேன். அவ்வளவுதான். என்ன சம்பந்தி, பேட்டரிய ஐஸுல வெச்சிருக்கீங்கன்னாரு. ஆமாங்கன்னேன். ஐஸுல வெச்சா என்ன ஆகும்னாரு. நான் அஞ்சாங்கிளாஸு, எனக்கு என்னங்க தெரியும்னேன். கம்பியெல்லாம் மாத்தியிருக்கே, எதுக்குன்னாரு. கரண்டு நல்லா வர்றதுக்குங்கன்னேன். அதுவும் நெசம்தானே?

உங்க அப்பாவ உங்களுக்குத் தெரியாதா? ஆயுசு பூரா ஆடிட்டுல இருந்தவரு. பழக்கடையில முன்னாடி அடுக்கி வெச்சதத் தொடவே மாட்டாரு, கடைக்காரரு காலுக்குப் பின்னாடி சாக்கு போட்டு மூடி வெச்சிருப்பாரு பாருங்க, அதத்தான் கேப்பாரு. அவரு என் பெட்டியப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. மறுபடி பெட்டியப் பாத்தாரு. கோச்ச தனியா கூட்டிட்டுப் போயி குசுகுசுன்னாரு. வந்து, ரெண்டு பேரும் பேட்டரிய மாத்திக்குவோம், அதுதான் நியாயம்னாரு.

நான் வேணாம்னேன். மூணு தடவை வேணாம்னேன், கோச்சு சாட்சி. நான் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல அவருக்கு முகம் பூரிக்குது. மாத்தியே ஆகணும்னு நின்னாரு. சரி, பெரியவங்க சொல்லை மீறக் கூடாதுன்னு குடுத்துட்டேன். என்ன சிரிக்கிறீங்க? என்னைவிட ரெண்டு மாசம் மூத்தவரு உங்க அப்பா.

அவரு தன்னோட ஆற எங்க இருந்து எடுத்தாருங்கிறீங்க? பேண்ட்டு உள்பாக்கெட்டுல. பட்டன் போட்டு. காலைல இருந்து யாரையும் நம்பாம அங்கயே வெச்சிருந்திருக்காரு. கையில வாங்கினேன், இதமா இருந்துச்சு. முட்டையா இருந்திருந்தா குஞ்சு பொரிச்சிருக்கும்.

மொத ஆட்டம் நான் தோத்தேன். அதையும் உங்க அப்பா சொல்லியிருக்க மாட்டாரே. பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு, என் கைதான் சரியில்ல. வலையில பட்டு, எகிறி, நேராப் போயி அந்தத் தூங்குறவரு வயித்துல விழுந்துச்சு. துண்ட எடுத்துட்டு எந்திரிச்சாரு. நான் பதறிப் போயி மன்னிச்சுக்குங்கன்னேன். அதெல்லாம் இருக்கட்டும், டீ இருக்கான்னாரு.

ரெண்டாவது ஆட்டம் எனக்கு. உங்க அப்பாவோடது ரெண்டு அம்பத்தஞ்சுல மூச்ச விட்டுருச்சு. அவரு ட்ரோன ஆட்டிப் பாக்குறாரு, காதுல வெச்சுக் கேக்குறாரு. இன்னும் நல்லாக் குளிரணும் போலன்னு தனக்குத் தானே சொல்லிக்கிறாரு. உங்க அத்தை முந்தானையால வாய மூடிக்கிட்டு வெளிய போயிட்டா.

மூணாவதுக்கு முன்னாடி கோச்சு டீ குடிக்கலாம்னாரு. அப்பத்தான் ஐஸ் பெட்டியத் திரும்பிப் பாத்தேன். பெட்டி மூடி தெறந்தே கிடக்குது. மேல் ஜன்னல் வழியா வெயிலு நேரா அதுக்குள்ள விழுது. இப்படியே போனா பேட்டரி சூடாயிடும், அதுல நான் மாத்தின தடிச்ச கம்பி வேற, உங்க அப்பா என்னைத் தூக்கிச் சாப்பிட்டுடுவாரு. நானாப் போயி மூடினா சந்தேகப்படுவாரு. அந்த நேரம் உங்க அம்மா ஃபிளாஸ்க்கத் தூக்கிட்டு வந்தாங்க. எல்லாருக்கும் ஊத்தினாங்க. தூங்கி எந்திரிச்சவருக்கு ஊத்துறப்போ பாதி டம்ளருக்கு வெளிய, பெஞ்சு மேல ஊத்திட்டாங்க. பரவால்லம்மான்னாரு அந்த மனுஷன். திரும்பி வர்ற வழியில, முழங்கையாலயே அந்தப் பெட்டி மூடியச் சாத்திட்டுப் போனாங்க. ஈ மொய்க்குதுன்னாங்க. பேட்டரியில எதுக்கு மாப்பிள்ளை ஈ மொய்க்குது?

மூணாவது ஆட்டம். வாலு சத்தமா எண்ணிட்டு வர்றா, நடுவுல எழுபத விட்டுட்டு எண்பதுக்குத் தாவிட்டா. பேரப்புள்ளயானாலும் கணக்கு கணக்குதானேன்னு நான் திருத்தப் போயி, கை ஆடி, ட்ரோன் கம்பத்துல இடிக்கப் பாத்துச்சு. சமாளிச்சுட்டேன். உங்க அப்பாவோடது மூணு நிமிஷம் தாண்டி ஒரு பத்து செகண்டு நின்னுச்சு, அப்புறம் எறங்கிருச்சு. என்னோடது இன்னும் பறக்குது. மேல பதினோரு செகண்டு. வாலு தாத்தான்னு கத்தினா. ரெண்டு தாத்தாவும் திரும்பிப் பாத்தோம். என்கிட்ட ஓடி வந்தா. உங்க அப்பா முகத்த அப்ப நான் பாக்கல. வேணும்னுதான் பாக்கல.

அவ்வளவுதான் நடந்துச்சு. இதுல தில்லுமுல்லு எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. அவரு கேட்டாரு, நான் குடுத்தேன்.

என்னது, மறுபடி ஆட்டமா? வர்ற ஞாயித்துக்கெழமையா? பேட்டரிய மாத்திக்காம, அவங்கவங்க கையில இருக்கிறத வெச்சா? அப்ப என்கிட்ட வாங்கின ஆறும் அவருகிட்டதான் இருக்கும்... எங்க வெச்சிருக்காரு? ஃப்ரிட்ஜுலயா? ஆறையுமா? ரெண்டு நாளாவா? ஐயோ பாவம். இல்லங்க, சிரிக்கல, தொண்டையில என்னமோ.

எந்தத் தட்டுல வெச்சிருக்காரு? கதவுலயா, முட்டை வைக்கிற எடத்துலயா? அதமட்டும் எடுத்துடச் சொல்லுங்க மாப்பிள்ளை. அங்க உங்க அம்மா சொட்டு மருந்து வைக்கணும்.

கண்ணுல போடுற மருந்துதான். வியாழக்கிழமை ஆபரேஷன் இல்ல? புரை. வலது கண்ணு இப்ப, இடது கண்ணு அப்புறம். உங்ககிட்டயும் சொல்லலயா? ம். சொல்லியிருக்க மாட்டாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை தேதி வாங்கி, ரெண்டு தடவையும் தள்ளிப் போட்டவங்க. அப்புறம் குனியக் கூடாது, தூக்கக் கூடாது, தல குளிக்கக் கூடாதுன்னு ஏகப்பட்ட கூடாது. வாலு அங்க இருந்தா நடக்குமா? இடுப்புல ஏறிக்கிட்டு எறங்க மாட்டா. குழந்தைய அனுப்பாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா உங்க அப்பா பேத்தி வர்றான்னு அலமாரியெல்லாம் துடைச்சு வெச்சிருந்தாராம். என்னால கெட்டுச்சுன்னு ஆகக் கூடாதுன்னு உங்க அத்தைகிட்ட போன்ல அழுதிருக்காங்க. எப்படியாவது உங்க வீட்டுக்காரர ஜெயிக்கச் சொல்லுங்க அண்ணின்னு.

எனக்கும் வாலு வேணும்னு ஆசைதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஐஸ் பெட்டி யோசனை என்னோடது இல்ல. குளிர்ந்தா பேட்டரி சோம்பும்னு நான் உங்க அத்தைகிட்ட சொன்னேன், இவ அங்க உங்க அம்மாகிட்ட சொல்லிட்டா. உங்க அம்மாதான் சொல்லியனுப்பினாங்க, அவரு கண்ணுல ஐஸ் பெட்டியக் காட்டுங்க போதும், மத்தத அவரே பாத்துக்குவாருன்னு. பெட்டியே உங்க வீட்டுப் பெட்டிதான் மாப்பிள்ளை. உங்க அப்பா சமையல்கட்டுப் பக்கம் போயிருந்தாத்தானே அடையாளம் தெரியும்?

வாலு இங்க வந்து சேந்த மறுநாள் அவருகிட்ட சொல்றதா இருந்தாங்க. இப்ப இவரு மறு ஆட்டம்னு கெளம்பினா, மறுபடியும் தேதியத் தள்ளிடுவாங்க. ஆஸ்பத்திரியில கூட உக்காந்து கையெழுத்துப் போட ஒரு ஆளு வேணும். காலைல எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட எப்படி எடுத்துச் சொல்றதுன்னு தெரியாமத்தான் எங்கெங்கயோ சுத்தி வந்தேன். எந்திரிங்க, இப்பவே போங்க. ஆட்டத்த கண்ணு ஆறினதும் வெச்சுக்கலாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க. அப்ப நான் தோத்துக்கூடப் போறேன். ஊஹூம், அது வேணாம், அதச் சொல்லாதீங்க.

இருங்க, ஒரு நிமிஷம். இத எடுத்துட்டுப் போங்க, உங்க அப்பாவோடது. ஆறு வாங்கினேன். ஒண்ணு அந்த மனுஷன் எந்திரிச்சப்போ வயித்துல இருந்து கீழ விழுந்து நசுங்கி உப்பிப் போச்சு, அத மணல் வாளியில போட்டு வெச்சிருக்கேன், அத மறுபடி சார்ஜ் போடக் கூடாது. எண்ணிக்குங்க மாப்பிள்ளை, என் எதிர்லயே எண்ணிக்குங்க, இல்லேன்னா அதுக்கும் ஒரு கேள்வி வரும். மிச்சம் அஞ்சு.