மாடியின் கடைசி வரிசைக்கு வாருங்கள்

ஆரணி நெசவாளர் இசை அரங்கின் மேலாளராக முப்பது ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் உயர்திரு சடையப்பன் அவர்களுக்கு, அரங்க ஊழியர்கள் தலைகுனிந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

அரங்கின் அரணே! அன்பின் உறைவிடமே!

மேடையில் அமர்த்தி மாலையிட வேண்டிய உங்களை, பின்புறச் சமையல் கொட்டகையில் சாம்பார் அண்டா அருகே நிறுத்தியிருக்கிறோம். மாதக் கடைசி நாள் என்று உங்கள் விழாவைக் குறித்த நாங்கள், அது முகூர்த்த நாள் என்பதை மறந்து, அதே நாளுக்கு அரங்கைக் கல்யாணத்துக்கும் கொடுத்துவிட்டோம். முகூர்த்தப் பட்டு நெய்து வாழும் ஊரில் இப்படித் தவற எங்களால்தான் முடியும்.

"சார், பேஜாராயிடுச்சு" என்று அலுவலக கீதா அழுதபடி வந்து சொன்னபோது, "அதுக்கு ஏம்மா அழுதுகினு கீற? கொட்டாயில போட்டா மால வாடிப்பூடுமா?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எங்களை இன்னும் சுடுகிறது.

தறிக் குடும்பங்கள் விற்ற சேலைக்கு இவ்வளவு என்று மகமைப் பணம் சேர்த்து எழுப்பிய மாளிகை இது. தறியில் பாவு நூல் விரித்தாற்போல் நீளவாட்டில் பதித்த தேக்கு விதானமும், வில்லாய் வளைந்த பின்சுவரும், ஒலிபெருக்கி வராத காலத்தில் குரலைச் சுமக்கவே அமைந்தவை என்று எத்தனை முறை சொன்னீர்கள்! விதானத்தை மறைத்துக் குளிர்சாதனம் பொருத்த வந்தவர்களை வாசலோடு அனுப்பினீர்கள். மழை ஒழுகிய நாளில் ஓடு மாற்ற நீங்களே ஏறினீர்கள்.

"மைக்கே வாணாம், மாடி கடசி வரிசைக்குக் கேக்கும்" என்பீர்கள். "மொதல்ல நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க சார்" என்று கேலி செய்வார் மைக் போடும் ரஞ்சித்குமார். கச்சேரிதோறும் வாசலில் நின்ற உங்களுக்கு உட்கார்ந்து கேட்க நேரம் வாய்க்கவே இல்லை. ஓய்வு பெறும் நாளில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்றீர்கள். அந்த ஒரே ஆசையைத்தான் நாங்கள் வாடகைக்கு விட்டுவிட்டோம்.

ஆகவே ஐயா, நாளைக் காலை வாருங்கள். வழக்கமான பக்கக் கதவு வேண்டாம். முன்வாசல் வழியே வாருங்கள். ரஞ்சித்குமார் மைக்கைக் கழற்றி வைப்பார். அரங்கைப் பெருக்கும் இனியா மேடையேறிப் பாடுவாள். நான்கு பேர் எதிரே பேசவே கூசுபவள், உங்களுக்காக ஒப்புக்கொண்டாள்.

நோயற்ற உடலோடும் கூர்மை குன்றாத செவியோடும் நெடுங்காலம் வாழுங்கள். மாடியின் கடைசி நாற்காலி இனி உங்களுடையது. அங்கே அமர்ந்து, குரல் எட்டினால் கையைத் தூக்குங்கள். எட்டாவிட்டால் தேக்கின் மேல் பழி போடாதீர்கள். அவள் இன்னும் உரக்கப் பாடுவாள்.

வெட்கத்துடனும் வணக்கத்துடனும்,
அரங்க ஊழியர்கள்,
ஆரணி.