கேட் பாஸ் இல்லாத கை

— ஏளா செல்வி, இது கருப்பட்டிக் காப்பியா, வேப்பங்கொட்டைக் கஷாயமா? பன்னெண்டு நாளா நாக்குல வைக்க முடியல.

— இந்தத் தடவ கருப்பட்டி சரியில்லங்க. மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிங்க. ஏன் இடது கையால வாங்குதிய? வலது கை எங்க?

— துண்டுக்குள்ள கெடக்கு. கெடக்கட்டும். பாத்தாலே கொமட்டுது.

— அதக் கொண்டாந்து ஒட்டி பதினாலு மாசமாச்சு. இன்னுமா கொமட்டுது?

— கொமட்டாம? எவனோ செத்துப்போனான், அவன் கைய எடுத்து என் முழங்கைக்குக் கீழ தச்சு வச்சிருக்கு. கேதத்துக்குப் போய்ட்டு வந்தாலே குளிக்காம நடைய மிதிக்க மாட்டோம். நான் பொணத்தயே தூக்கிக்கிட்டு அலையுதேன். எங்க போயி முங்க? ஸ்ரீவைகுண்டம் அணைத் தண்ணிய முழுசாத் தலையில கவுத்துனாலும் இந்தத் தீட்டுப் போவுமா?

— பொணத்துக்கு நகம் வளருமா? நேத்துதான வெட்டிவிட்டேன்.

— அந்த நகத்தச் சொல்லாத! காலைல வெட்டுனா சாயங்காலம் நண்டுக் கொடுக்கு கணக்கா நீட்டிக்கிட்டு நிக்கி. முடியப் பாரு, செம்பட்ட! ஆயிரம் கம்பளிப்பூச்சி வரிசையாப் படுத்தாப்புல. கருவாட்டு மூடையத் தொட்டா வேர்த்து ஊத்துது. கடைக்கு வார பொம்பளையாளுவ என்ன சொல்லுதாளுவ தெரியுமா? 'அண்ணாச்சி, இடது கையாலயும் வேண்டாம், அந்தக் கையாலயும் வேண்டாம், நாங்களே அள்ளிக்கிடுதோம்.' நீ என்னளா ஓட்டப் பல்லக் காட்டி இளிக்க?

— சிரிக்காம என்ன செய்ய? திரேஸ்புரத்துல ஐஸ் ஒடைக்கிற மிஷினுக்குக் கையக் குடுத்துட்டு ஏழு மாசம் உக்காந்திருந்தியளே. வேட்டி கட்டிவிட்டது யாரு? சோறு ஊட்டுனது யாரு?

— அந்த ஏழு மாசமே தேவல. ஒத்தக் கையின்னாலும் முழுசா நானா இருந்தேன்.

— டாக்டரம்மா எவ்வளவு தன்மையாச் சொன்னாங்க. ஹார்பர் கேட்ல நிக்கிற மாதிரி ஒடம்புக்குள்ளயும் காவக்காரன் இருக்கான், பாஸ் இல்லாம எது வந்தாலும் அடிச்சு வெரட்டுவான். மாத்திரைதான் அவனத் தூங்க வைக்கி. நிறுத்துனா அவன் முழிச்சுக்கிடுவான், கை செவந்து, கொப்பளிச்சு, கறுத்து விழுந்துரும்னாங்கல்லா?

— அதத்தான நானும் எதிர்பாக்கேன். பதிமூணு நாளா ஒரு மாத்திரை முழுங்கல.

— என்னது!

— கத்தாத. கன்னத்துல ஒதுக்கி வச்சு, நீ அங்கன திரும்புனதும் முருங்க மரத்து மூட்டுல துப்பிருதேன். என் காவக்காரன் முழிச்சு இந்த அசலூர்க்காரன வெளிய தள்ளட்டும்னு பாத்தா, வெளங்காத பய, இன்னும் குறட்ட விடுதான்! ஒரு செவப்பு உண்டா? ஒரு கொப்புளம் உண்டா? புதுமாப்பிள்ள கணக்கா மினுக்குது!

— பழகிட்டானோ என்னமோ. போகப் போக அசல் ஆளயும் நம்ம ஆளுன்னு சேத்துக்கிடுத ஒடம்பும் உண்டாம். மாத்திரை இல்லாமலே அப்படிப் பழக்கத்தான் உலகம் பூரா டாக்டருமாரு மண்டைய ஒடைக்காங்களாம். குடுத்தவங்களோட எலும்பு மஜ்ஜையயும் சேத்து ஏத்திப் பாக்காங்களாம்.

— சீச்சீ! மஜ்ஜையா? கைக்கே கொடலு வெளிய வருது! என் ஒடம்பு அப்படிச் சேத்துக்கிடுத ஒடம்பு இல்லளா. முப்பது வருசம் மீன ஊறப்போட்டவன் சொல்லுதேன். ஊளியையும் சாளையையும் ஒரே தொட்டில போட்டா, ஒண்ணு நாறியே தீரும். இது ஏன் நாறல? அதுதான் எனக்குப் பிடிபடல.

— காப்பிய முடிங்க. சொல்லுதேன்.

— முடிச்சாச்சு. இந்தா பாரு, அடியில வெள்ளையா மண்டி நிக்கி. ஏளா... இது என்னது?

— முருங்க மூட்டுல நீங்க மொத நா துப்புனதக் கொத்தக் கோழி வந்துச்சு. அதுக்கு முந்தி நான் பாத்துட்டேன். மறுநாள்லருந்து நீங்க துப்புதது வெறும் சத்து மாத்திரை. நெசமான மாத்திரைய, தூளு மூக்குல ஏறாம கொரோனா காலத்து மாஸ்க்கப் போட்டுக்கிட்டு, பிரிச்சுக் காப்பில கொட்டுதேன். காலைல ஆறு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு.

— அடிப்பாவி! பொணத்துக்குக் காவலா இருந்திருக்கியே! ஓங்கி ஒண்ணு விட்டேன்னா...

— விடுங்க. வலது கையத் துண்டுலருந்து வெளிய எடுத்து விடுங்க.

— இந்தா, எடுத்துட்டேன். இப்பப் பாரு...

— என்ன, ஓங்க வரலயா?

— வெரலு மடங்க மாட்டேங்கு... நீ ஏன் இதக் கட்டிக்கிட்டு அழுத? ஒனக்கு அருவருப்பே இல்லையா?

— இருந்துச்சே. இருவத்திரெண்டு வருசம், ஒரு கையப் பாத்தாலே கொமட்டும். அது சோத்தப் பிசையுததப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது. சகிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

— இருவத்திரெண்டு வருசமா? இது வந்தே பதினாலு மாசந்தானளா ஆச்சு?

— ஐஸ் மிஷின் தின்னுச்சே, என் முன்பல்ல ஒடச்ச அந்தக் கையச் சொல்லுதேன். இந்தச் செம்பட்ட முடிக்காரன் என்னய இன்னும் ஒரு தரங்கூட அடிக்கலங்க, அவன நான் இந்த வீட்ட விட்டு அனுப்ப மாட்டேன்.