கூரையைப் பார்க்க வந்தவன்

அக்கா: என்னடா, ஏணியில ஏறினவன் சத்தத்தையே காணோம்! தூங்கிட்டியா?

தம்பி: ஏணியை ஒழுங்கா பிடிக்கா. ஆடுது.

அக்கா: ஏணி ஆடல, உன் தொப்பைதான் ஆடுது. எத்தனை ஓடு போயிருக்கு, அதைச் சொல்லு.

தம்பி: ஓட்டை விடு. அந்த ஸ்க்ரூட்ரைவரை எடு.

அக்கா: இந்தா... எதுக்கு?

தம்பி: மரச்சட்டத்தைக் குத்திப் பாக்க. ...அடப்பாவமே!

அக்கா: என்னடா?

தம்பி: கைப்பிடி வரைக்கும் இறங்குது. மரமா இது? உளுத்துப் போய் வெறும் தூளா கொட்டுது.

அக்கா: ஆள் வெச்சு ஓடு மாத்தினேனே...

தம்பி: மாத்தினே. அப்ப எங்க ஒழுகுச்சு?

அக்கா: சமையல்கட்டுல.

தம்பி: அதை அடைச்சதும்?

அக்கா: கூடத்துல.

தம்பி: அதையும் அடைச்சே. இப்ப?

அக்கா: என் தலைமாட்டுல.

தம்பி: பாத்தியா? ஒரே இடத்துல ஒழுகினா ஓட்டுல கோளாறு. அடைக்க அடைக்க வேற இடம் தேடி ஒழுகினா, ஓட்டைத் தாங்கற மரமே போயிடுச்சுன்னு அர்த்தம். தெருவுல நின்னு பாரு, முகடு நடுவுல தொங்குது.

அக்கா: கிழட்டு மாட்டு முதுகு மாதிரி. அதான் தெனமும் பாக்கறேனே... இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காதா?

தம்பி: அதுக்குக் கீழ படுத்துக்கிட்டா இந்தக் கேள்வி கேக்கறே?

அக்கா: சரி, கத்தாதே. இறங்கு. பாத்து... பாத்துடா.

தம்பி: முழுசா பிரிச்சு மாத்தணும்க்கா. ஒரு மாசம் இழுக்கும். நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்.

அக்கா: ஒரு மாசமா? இங்கயா?

தம்பி: ஏன், தங்கக் கூடாதா?

அக்கா: தாராளமா தங்கு. ஒரு ராத்திரி இருடான்னாலே, 'பொண்டாட்டி தேடுவா'ன்னு செருப்பை மாட்டறவன் ஆச்சே.

தம்பி: அவ... அவ ஒண்ணும் சொல்ல மாட்டா.

அக்கா: எதுக்கும் ஃபோனைப் போடு. நானே ஒரு வார்த்தை...

தம்பி: வேணாம்க்கா. வேலையா இருப்பா.

அக்கா: ஞாயித்துக்கிழமையா?

தம்பி: இந்த ஏணியை எங்க சாத்தி வைக்கட்டும்?

அக்கா: தலையெல்லாம் ஒட்டடை. குனி, தட்டி விடறேன்... இந்தச் சட்டையை எப்பத் தோச்சே?

தம்பி: அக்கா... அவ போயிட்டா. அவங்க அம்மா வீட்டுக்கு. இனிமே வர மாட்டா.

அக்கா: ம்.

தம்பி: பெருசா சண்டைகூட இல்ல. ஒண்ணு சரி பண்ணா இன்னொண்ணு... எத்தனை நாளைக்கு? நீ பாத்துக் கட்டி வெச்சவ. உன்கிட்ட சொல்ல வாய் வரல. அந்த வீட்டுல தனியா இருக்கவும் முடியல. 'ஒழுகுது, வாடா'ன்னு நீ கூப்பிட்டதும்... தப்பா நினைக்காதே, சந்தோஷமா இருந்துச்சு.

அக்கா: கூரை வருஷக்கணக்கா ஒழுகுதுடா. அதுக்கெல்லாம் உன்னைக் கூப்பிட்டேனா? போன வாரம் அவ ஃபோன் பண்ணி, 'அவர் சாப்பிடறாரான்னு பாத்துக்கங்க அண்ணி'ன்னு அழுதா. அப்புறம்தான் கூப்பிட்டேன்... சொட்டாத மூலையா பாத்து உனக்குக் கட்டில் போட்டிருக்கேன். போ, கையைக் கழுவிட்டு வா.