விலாயத்தி வண்டி காணாமல் போன வெள்ளிக்கிழமை

என் பெயர் மஹ்பூபி, வயது 56, கணவர் பெயர் நயீம் அகமது. ஆம்பூர் தோல் மண்டித் தெருவில் கணவர், மகன் தபரேஸ், மருமகள் ஹீனா ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். கணவருக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலை இருக்கிறது. கார் திருட்டு போனதாக என் மகன் இன்று கொடுத்த புகாரின் பேரில் எங்கள் டிரைவர் ஹபீபை இந்த நிலையத்தில் வைத்திருப்பது தெரிந்து, நானாகவே வந்து இந்த வாக்குமூலம் கொடுக்கிறேன். உட்காரச் சொல்லி நாற்காலி கொடுத்தார்கள். ஹபீப் மாடிப்படிக்கு அடியில் தரையில் இருப்பதைப் பார்த்துவிட்டு எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. நடந்துகொண்டேதான் சொல்கிறேன், எழுதுகிற ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேற்படி கார் இங்கிலாந்தில் செய்தது. கம்பெனி பெயரை ஐயா ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார், எனக்கு அது வாயில் நுழையாது. வீட்டில் விலாயத்தி, அதாவது சீமை வண்டி, என்றுதான் சொல்வோம். கரும்பச்சை நிறம், இரண்டே கதவு. எங்களிடம் தோல் வாங்கும் வெள்ளைக்காரர் ஒருவர், வியாபார விஷயமாக அங்கே போயிருந்த என் கணவரை அந்த மாதிரி காரில் வைத்து ஊரெல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்ததிலிருந்து இவருக்கு அதே பேச்சு. கடைசியில் ஆடிட்டர் சொன்ன யோசனைப்படி என் பேரில் ஒன்றை வாங்கினார். வெள்ளைக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியும், இவருக்குத் தெரியாது என்பது கார் வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் வீட்டில் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

அது சொந்தக்காரர் தானே ஓட்டுவதற்குச் செய்த வண்டி. பக்கத்தில் ஒருவர் வசதியாக உட்காரலாம், பின்னால் இருப்பது பை வைக்கிற இடம். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலாளிக்கு மதிப்பு இல்லை என்று என் கணவர் முன் சீட்டை மடிக்கச் சொல்லிப் பின்னால் ஏறினார். தொழிற்சாலை கேட்டில் இறங்க முடியவில்லை. ஹபீபும் வாட்ச்மேனும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள், ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அதன் பிறகு அவர் அதில் ஏறவில்லை. டிரைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து போவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை, பின்னால் ஏற முழங்கால் விடாது. ஆக, என் பேரில் உள்ள வண்டியில் நான் ஏறியதே கிடையாது. ஹபீப் துடைத்து வைப்பார், பேட்டரி இறங்காமல் ஸ்டார்ட் செய்து வைப்பார், சர்வீசுக்குச் சென்னைக்குக் கொண்டு போய் வருவார். எட்டு வருஷத்தில் அது ஓடியது அவ்வளவுதான்.

இந்த ரம்ஜானுக்கு முன்பு என் மகன் அதை விற்க விளம்பரம் போட்டான். என்னைக் கேட்கவில்லை. ஹீனா தன் போனில் பார்த்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாள். இங்கிலாந்து சொகுசுக் கார், ஒரே உரிமையாளர், பெண்மணி மட்டுமே ஓட்டியது, மிகக் கம்மியான ஓட்டம் என்று இருந்தது. அந்தப் பெண்மணி யார் என்று ஹீனா கேட்டாள், நான்தான் என்றேன், இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு யோசிக்க யோசிக்க எனக்குச் சிரிப்பு போய் ஆத்திரம் வந்தது. விளம்பரத்தில் இருக்கிற மஹ்பூபி கார் ஓட்டுகிறாள், வீட்டில் இருக்கிற மஹ்பூபி பல் வலிக்கு டாக்டரிடம் போகவும் யாராவது வண்டி எடுப்பார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பொய்யை என் பேரில் சொல்கிறான் என்றால் அதை நானே உண்மையாக்கிவிடுகிறேன் என்று ஹீனாவிடம் சொன்னேன்.

ஹீனா பெங்களூர்ப் பெண். அங்கே கார் ஓட்டிப் பழகியவள், லைசென்ஸ் உள்ளவள், கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடாதவள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கணவர், மகன், டிரைவர், வாட்ச்மேன் எல்லாரும் மசூதிக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் உள்ள குடோன் மைதானத்தில் அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பழகுநர் உரிமமும் எடுத்தேன், அதைக் காட்டியிருக்கிறேன். முதல் வாரம் கோழிக் கூண்டை இடித்தேன். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை, கோழிகள்தான் சில நாள் முட்டை வைக்கவில்லை. அதன் பிறகு கை பழகிவிட்டது.

பெங்களூரிலிருந்து பரத் என்பவர் நாளை வந்து வண்டியை எடுத்துப் போவதாக முடிவானது. நேற்று மகன் விற்பனைப் படிவத்தைக் கொண்டு வந்து நீட்டினான். படித்துப் பார்க்கிறேன் என்றேன். "நீங்க இன்னாம்மா படிக்கப் போறீங்க, கையெழுத்து மட்டும் போடுங்க" என்றான். கை ஈரமாக இருக்கிறது, அப்புறம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி முழுவதும் தூக்கம் பிடிக்கவில்லை. நாளைக்குப் பிறகு வண்டியும் இல்லை, ஜும்மா நேரமும் இல்லை என்கிற நினைப்பு என்னைப் புரட்டிக்கொண்டே இருந்தது.

இன்று ஆண்கள் மசூதிக்குப் போனதும், சிவப்புக் காகிதத்தில் எல் எழுத்தை வெட்டி வண்டியின் முன்னும் பின்னும் ஒட்டினோம். போன்களை வீட்டிலேயே வைத்துவிட்டோம். நான் ஓட்ட, ஹீனா பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருமுனை வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு தட்டாமல் குறுக்காக ஏற்றச் சொன்னாள், அப்படியே ஏற்றி பைபாசுக்கு வந்தோம். அதன் பிறகு வாணியம்பாடி பக்கம் போனோம். டோல்கேட்டில் இருந்த பையன் குனிந்து உள்ளே பார்த்து, ஓனர் வரவில்லையா என்று கேட்டான். நான்தான் ஓனர் என்றேன். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜும்மா முடிவதற்குள் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. திரும்பலாம் என்று ஹீனா சொன்னாள், அடுத்த பாலம் வரை என்றேன். பாலம் வந்தது, இன்னொரு பாலம் என்றேன். அப்படியே கிருஷ்ணகிரி பக்கம் வெகுதூரம் போய்விட்டோம். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இது வழக்குக்குத் தேவை இல்லை என்று ஐயா சொன்னார், இருந்தாலும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் நாட்றம்பள்ளியில் டீக்கடை ஓரம் நின்றபோது நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்து எங்களை மடக்கியது. இந்தக் கார் திருட்டு வண்டி, டிரைவர் ஹபீப் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கேட்டு டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். அதில் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. ஆர்.சி.யையும் என் ஆதாரையும் காட்டிய பிறகு வயர்லெஸ்ஸில் நிலையத்தைக் கேட்டுவிட்டு எங்களை விட்டார்கள். குடியாத்தத்தில் தங்கை வீட்டுக்கு மசூதியிலிருந்தே போயிருந்த ஹபீபை, வண்டியோடு ஓடிவிட்டதாக நினைத்துப் பிடித்து வந்திருப்பதை அப்போது அவர்கள்தான் சொன்னார்கள். வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்தேன்.

நான் ஓட்டிப் பழகியது ஹபீபுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் முன்னால் தள்ளிப் போட்ட சீட்டை வாரா வாரம் பின்னால் தள்ளி வைத்ததும், டயரில் ஒட்டிய மைதானத்துச் சேற்றைக் கழுவியதும் அவர்தான். இன்று இவ்வளவு அதட்டியும் அவர் வாய் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க பேரை போலீஸ் ஸ்டேஷன்ல எப்டிம்மா சொல்றது" என்றார். பத்தொன்பது வருஷமாக எங்கள் வீட்டு உப்பைத் தின்றவர், தன் பேர் கெட்டாலும் பரவாயில்லை என்று பேசாமல் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு, புகார் கொடுத்துவிட்டு என் கணவரோடு இந்த நிலையத்திலேயே இருந்த மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். வண்டி வழியில் அநாதையாக நின்று கிடைத்ததாக எழுதிவிடலாம், ஹபீபையும் சும்மா அனுப்பிவிடலாம், நான் ஓட்டினேன் என்பது வெளியே தெரிந்தால் தொழிற்சாலையில் சிரிப்பார்கள், பரத்தும் விலையைக் குறைப்பார் என்றான். அப்படி எழுதினால் எடுத்தது ஹபீப் என்றுதானே ஊர் பேசும் என்று கேட்டேன். கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த வாண்டெட் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே வண்டியை எடுத்தது நான். அது என் வண்டி, திருட்டு நடக்கவில்லை. ஹபீபுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரை இப்போதே விட வேண்டும். விற்பனைப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

கடைசியாக, என் மகன் கொடுத்த புகாரை வாங்கிப் படித்தேன். வண்டியின் நிறம், நம்பர், இன்ஜின் நம்பர், உள்ளே கிடந்த குடை வரை எழுதியிருக்கிறான். அதே நேரத்தில் அம்மாவும் மனைவியும் வீட்டில் இல்லை என்று ஒரு வரி இல்லை. அதையும் சேர்க்கச் சொன்னேன். நீங்கள்தான் வந்துவிட்டீர்களே அம்மா, இனி எதற்கு என்றார் ஐயா. என் மனசு ஆறவில்லை. நிலையத்துப் போனிலிருந்து எங்கள் சமையல்காரி ஜஹீருன்னிசாவைக் கூப்பிட்டு, ஆண்கள் ஜும்மா முடிந்து வந்து என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "எல்லாரும் சாப்ட்டுட்டுதான் ஸ்டேஷனுக்குப் போனாங்க. கத்திரிக்கா கம்மியா இருக்குதுன்னாங்க. உங்கள யாரும் கேக்கல, நானா போய் இன்னான்னு சொல்றது" என்றாள்.

ஐயா இதை முழுவதும் படித்துக் காட்டினார், நின்றபடி கேட்டேன். நான் சொன்னதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எல்லாம் உண்மை. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. பிறகு நானும் படித்துப் பார்த்தே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) மஹ்பூபி