பலகைக்கு அந்தப் பக்கம்

— காலையில இருந்து நாலாவது தரம் வந்திரிக்கன் கேசினி மிஸ். பெரிய டாக்டர் கொதிச்சிட்டு நிக்காரு. இந்தக் கடிதத்துல ஒரு கையெழுத்தை வெச்சிட்டு மெசினைப் போடுங்க.

— வைக்கமாட்டன் பளீல் நானா. எக்ஸ்ரே அறை பாதுகாப்பா இருக்கெண்டு அதில எழுதிக் கிடக்கு. பொய்க்கு நான் கையெழுத்து வைக்கிறதில்ல.

— நாலு வருஷத்துக்கு மேல இதே அறையிலதானே படம் எடுத்தீங்க?

— ஆறு மாசத்துக்கெண்டுதானே தந்தவங்க? பழைய கொங்கிறீட் அறையை சுனாமி கொண்டுபோன பிறகு பலகைச் சுவர் அடிச்சுத் தந்தாங்க. சண்டை முடியட்டும், சாமான் வரும் எண்டாங்க. சண்டை முடிஞ்சும் மூணு மாசமாச்சு. பலகை பலகையாத்தான் நிக்குது.

— உங்களுக்கு என்ன மிஸ்? நீங்க ஈயத் தடுப்புக்குப் பின்னாலதானே நிக்கிற?

— நான் நிக்கிறன். பலகைக்கு அந்தப் பக்கம் ஆர் இருக்கிற? தாய்மார் கிளினிக்குக்கு வாறவங்க இருக்கிற நீள வாங்கு. வயித்துப் பிள்ளையோட முதுகைச் சாய்ச்சுக்கொண்டு இருக்குதுகள்.

— கொஞ்சூண்டு வெளிச்சம், அதால என்ன வந்திரப்போகுது?

— வெளிச்சமில்ல நானா, கதிர். கண்ணுக்குத் தெரியாது. எனக்கு எவ்வளவு படுதெண்டு பார்க்கச் சட்டையில குத்திற பட்ஜ் இருக்கல்லோ? அதை ஒரு மாசம் அந்த வாங்குக்கு மேல ஆணியில தொங்கவிட்டன். கொழும்புக்கு அனுப்பினன். இந்தா ரிப்போர்ட். ஒரு வருஷத்தில எனக்குப் படாத கதிர் அந்த ஆணிக்கு ஒரு மாசத்தில பட்டிருக்கு.

— அல்லாட காவல்! இத வெளியில செல்லிராதீங்க. பட்ஜைக் கழட்டின குத்தத்துக்கே விளக்கம் கேப்பாரு. உங்கட பதவி உயர்வு ஃபைல் என்ட மேசையிலதான் இரிக்கி. அவரு ஒரு வரி எழுதினாப் போதும், மொனராகலைக்கு மாத்தம்.

— எழுதட்டும். என்னோட படிச்ச பதினொரு பேரில ஏழு பேர் கட்டாரிலயும் சவூதியிலயும். எனக்கும் அங்க வேலைக்குக் கடிதம் வந்ததுதான். பாண்டிருப்பில இருந்து சைக்கிள்ள வந்து இந்தத் தகரத்துக்குக் கீழ வேகிறது வேற வழியில்லாம எண்டு நினைச்சீங்களா?

— நான் அப்பிடிச் செல்லல்ல. வாங்கைப் போட வேற இடமில்லையாம். பலகையில அடிக்க ஈயத் தகடு மேலிடத்தில இருந்து வரணுமாம்.

— ஆறு கடிதம் எழுதிப்போட்டன், ஒண்டுக்கும் பதிலில்ல. மந்திரி வாறாரெண்டதும் ஒரு நாளில ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சாங்கதானே?

— மறுகா அந்தக் கோவத்த ஏழை எளியதுகள்லயா காட்டுற?

— எலும்பு முறிஞ்ச ஆரையும் நான் திருப்பி அனுப்பல்ல. விடிய, சம்மாந்துறையில ட்ரக்டர் புரண்டு வந்த மனிசனுக்கு எடுத்தன். வாங்கில இருந்த எல்லாரையும் வேப்ப மரத்தடிக்கு எழுப்பிப்போட்டுத்தான் எடுத்தன். எனக்கு முதல் இங்க இருந்த தங்கரத்தினம் ஐயாவை அந்த அறையோட கடல் எடுத்தது. அதுக்கு ஆரையும் குத்தம் சொல்ல ஏலாது. இது கடலில்ல நானா. நாங்க தெரிஞ்சுகொண்டு செய்யிறது.

— எழும்பச் செல்ல அவங்க ஒண்டும் கேக்கல்லையா?

— கேட்டாங்க.

— என்ன செல்லினீங்க?

— உள்ளதைச் சொன்னன்.

— எல்லாருக்குமா?

— ரிப்போர்ட்டையும் வாசிச்சுக் காட்டி, ஒரு போட்டோக் கொப்பியும் குடுத்தன்.

— போச்சு! உங்களோட சேத்து என்ட வேலையும் போச்சு. பென்சனுக்கு இன்னம் ரெண்டு வருஷம் இரிக்கி மிஸ். பொறுங்க... என்ன சத்தம் அது?

— யன்னலால பாருங்க.

— யா அல்லாஹ்! வாங்கைத் தூக்கிட்டுப் போறாங்க. டாக்டர்ர அறைக்குள்ளயே கொண்டு போறாங்க... மிஸ், ரிப்போர்ட்டைப் புடிச்சிட்டு முன்னுக்குப் போறது என்ட மகள் போல இரிக்கி. இவளுக்கு அங்க என்ன வேலை?

— அவளுக்கு வயித்தில ரெண்டு மாசம் நானா. வாப்பாக்கு இன்னும் சொல்லல்லையா?