மணல் மூடிய தணல்

எங்கள் கண்டக்குழி ஊரில் குப்பை எரிக்க நல்ல நேரம் காலை ஆறரை மணி, சார்ஜன்ட். கச்சான் காற்று அப்போது எழும்பியிருக்காது. கிடுகு வேலியிலிருந்து பத்து அடி தள்ளி எரிக்க வேண்டும். கிழிந்த நைலோன் வலையைப் போடக்கூடாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வேண்டும். விஞ்ஞானப் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்தபோது இவற்றைத் தாளில் எழுதி வீடு வீடாகக் கொடுத்தேன். பேச எனக்குக் கூச்சம். தாளை நீட்டிவிட்டு வந்துவிடுவேன்.

அடுத்த வீட்டு றைஸா மட்டும் அதை உரக்க வாசித்தாள்.

"நெருப்புக்கும் பாடமாடி? உம்மா, இஞ்ச வாங்களேன். இவள் நம்மட குப்பைக்குச் சோதனை வைக்கப் போறாள்."

நான் சிரித்தேன். இந்த ஊரில் என்னைச் சிரிக்கவைப்பவள் அவள் ஒருத்திதான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பிழை உண்டு. நெருப்பைத் தண்ணீரால் அணைக்கமாட்டார்கள். காலால் மணலைத் தள்ளி மூடிவிடுவார்கள். மணல் சூட்டை வெளியே விடாது. தேங்காய்ப் பொச்சுமட்டையின் தணல் அதற்குக் கீழே மறுநாள்வரை கிடக்கும். மேலே பார்த்தால் வெறும் முற்றம்.

மே மாதம் றைஸாவுக்குக் கட்டாரில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை கிடைத்தது. வியாழக்கிழமை விமானம்.

"மூணு வருஷம்தானே. மூஞ்ச தூக்காதடி" என்றாள்.

புதன்கிழமை அவளுடைய முற்றத்தைக் கூட்டிக் கொடுத்தேன். பயணம் போகிறவளுக்கு அந்த உதவிகூடச் செய்யாமல் இருக்கலாமா? குப்பையோடு இரண்டு சாக்குப் பொச்சையும் எரித்தேன். காற்றைப் பார்த்தேன், வேலியைப் பார்த்தேன், வாளியும் வைத்தேன். தணல் நன்றாகச் சிவந்ததும் மணலால் மூடி, ஈர்க்குமாற்றால் வரிவரியாகக் கூட்டிவிட்டேன். கிணற்றடிக்குப் போகும் வழி அது. முற்றத்தில் றைஸா செருப்புப் போடமாட்டாள்.

பிறகு அவளைக் கூப்பிட்டேன். ஓடி வந்தாள். நான் கூப்பிட்டால் எப்போதும் ஓடித்தான் வருவாள்.

வாளித் தண்ணீரைக் கால்களில் ஊற்றியது நான்தான். இருபது நிமிடம் விடாமல் ஊற்றினேன். அவளுடைய உம்மா பற்பசை பூச வந்தார், விடவில்லை. டொக்டர் என்னைப் பாராட்டினார்.

நீங்கள் கேட்டதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்: தணலை மூடியது நான், கூப்பிட்டதும் நான். ஆனால் இந்த மூன்று மாதமும் எவ்வளவு சந்தோஷமாகப் போனது என்பதையும் எழுத வேண்டும். தினமும் மருந்து கட்டுகிறேன். கதிரையில் தூக்கி உட்காரவைக்கிறேன். பின்னேரம் முழுக்கக் கதைதான், சிரிப்புத்தான். "நீ இல்லாட்டி நான் என்னடி செய்வன்?" என்று அவளே கேட்கிறாள்.

நேற்று முதல்தடவையாகச் சுவரைப் பிடித்து நாலு அடி நடந்தாள். "கட்டாருக்குத் திரும்ப எழுதிப் பார்ப்பமாடி?" என்றாள்.

ஐந்தாவது அடி வைக்குமுன் நான் குறுக்கே போய்ப் பிடித்துக்கொண்டேன். விழுந்துவிடக் கூடாதல்லவா.